கணிப்பொறி தரும் எச்சரிக்கை



திண்டுக்கல்லில் நின்றுகொண்டு 'பூட்' என்ற சொல்லைச் சொன்னால் கேட்பவர் அதைப் 'பூட்டு' என்றே செவியில் வாங்குவார். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளில் இவ்விரண்டு சொற்களுக்கும் இடம் உண்டு. உறங்கிக் கிடக்கும் கணிப்பொறி விழித்தெழும் செயலுக்கு ஆங்கிலத்தில் 'பூட்' என்று பெயர். ஒருவன் தான் அணிந்திருக்கும் பூட்சின் வாரைத் தன் கையாலேயே பற்றித் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்வதாக மேல்நாட்டார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த வழக்கிலிருந்து பிறந்தது இப்பெயர். நகைப்புக்குரிய கற்பனைதான், ஆயினும் கணிப்பொறி நாள்தோறும் செய்வது ஏறத்தாழ அதுவேயாகும்.

அந்த விழிப்புக்குரிய நிரலைத் தொகுக்கும்போது சில எச்சரிக்கைகள் எழுகின்றன. அவற்றை எங்ஙனம் எதிர்கொள்வது என்பதே இன்றைய பேச்சு. பொருள் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் வங்கியிலும் மருத்துவமனையிலும் இரயில் நிலையத்திலும் உள்ள பொறிகள் காலையில் ஒழுங்காக விழித்தெழுகின்றனவா என்பது இந்தச் சிறு பொருளைச் சார்ந்தே இருக்கிறது.

முதலில், விசையை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அந்தக் கணத்தில் செயலிக்கு ஒன்றும் தெரியாது. திரை எங்கே, வட்டு எங்கே, நினைவகம் எவ்வளவு என்பவை யாவும் அதற்கு இருள். தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்ட ஒரு நிரல் முதலில் ஓடும். பழைய வகைப் பொறிகளில் அதற்குப் 'பயாஸ்' என்று பெயர். அது வட்டின் முதல் 512 பைட்டுகளை எடுத்து நினைவகத்தில் வைத்துவிட்டு, "இனி உன் பாடு" என்று ஒதுங்கிக்கொள்ளும். 512 பைட்டு என்பது ஒரு சிறு கடிதத்தின் அளவு. அது தன்னைவிடப் பெரிய ஒரு நிரலை அழைத்து வரும். வந்தது தன்னிலும் பெரியதை அழைத்து வரும். இறுதியில் இயக்க அமைப்பின் உயிர்ப்பகுதியாகிய 'கெர்னல்' வந்து பொறியின் ஆட்சியை ஏற்றுக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்டெல் வழிவந்த 64 பிட் செயலியும் இந்தப் பழைய முறையில் விழிக்கும்போது, 1978-ஆம் ஆண்டில் வந்த 8086 என்னும் தன் மூதாதையைப் போலவே நடந்துகொள்கிறது. 16 பிட் நிலையில் எழுந்து, 32 பிட் நிலைக்கு ஏறி, பின்னர் 64 பிட் நிலையை அடைகிறது. யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை இப்படிகளிற் சிலவற்றைத் தாண்டிச் செல்கிறது. எனினும் உலகெங்கும் பயன்படும் லினக்ஸ் கெர்னலின் மூல நிரலில் பழைய படிகளுக்கான வரிகள் இன்னும் பேணப்பட்டு வருகின்றன.

அந்த மூல நிரலில் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. மனிதர் எழுதும் சி மொழியைச் செயலி அறியும் எண்களாக மாற்றித் தருவது கம்பைலர். நம் பாடநூல்கள் இதை நிரல்பெயர்ப்பி என்கின்றன. இந்தக் கம்பைலர் இரண்டு விதமாக முறையிடும். ஒன்று, பிழை. "நீர் எழுதியது இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை, மாற்றித் தர இயலாது" என்று அது வேலையை நிறுத்திவிடும். மற்றொன்று, எச்சரிக்கை. "இலக்கணம் சரிதான், மாற்றித் தருகிறேன். ஆனால் நீர் எண்ணியது இதுதானா?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடரும்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சி மொழியில் ஒரு சமக்குறி இட்டால் 'இதனுள் அதை வை' என்று பொருள். இரண்டு சமக்குறி இட்டால் 'இதுவும் அதுவும் சமமா?' என்ற கேள்வி. 'எனில்' என்று தொடங்கும் நிபந்தனைக்குள் இரண்டு குறிக்குப் பதில் ஒன்றை இட்டுவிட்டால், கேள்வியாக இருக்க வேண்டியது கட்டளையாகிவிடும். இலக்கணப்படி அது குற்றமில்லை. ஆகவே பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அனுபவமுள்ள கம்பைலர், "ஐயா, ஒரு குறி விடுபட்டதோ?" என்று கேட்கும். அந்தக் கேள்வியே எச்சரிக்கை.

சாதாரண நிரலில் இத்தகைய கேள்வியைப் புறக்கணித்தால், பின்னால் அந்த நிரல் தவறும்போது இயக்க அமைப்பு அதைப் பிடித்து நிறுத்தும். திரையில் ஒரு செய்தி தோன்றும். தொடக்க நிரலுக்கு அந்த வசதி இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்க அதற்குக் கீழே எவரும் இல்லை. நினைவகக் காவல் முறையாக அமைவதற்கு முன்னரே அது ஓடுகிறது. பல இடங்களில் திரையில் ஓர் எழுத்தைக்கூட அதனால் எழுத முடியாது. அங்கே தவறு நேர்ந்தால் கறுத்த திரை ஒன்றே மிஞ்சும். அல்லது பொறி மீண்டும் மீண்டும் அணைந்து எழும். காரணம் கூற ஆள் இராது. ஆகையால், தொகுக்கும் வேளையில் கம்பைலர் எழுப்பும் குரலே பெரும்பாலும் அங்கு நமக்குக் கிடைக்கும் முதற்குரலும் கடைசிக் குரலும் ஆகும்.

இந்த இடத்தில் திண்டுக்கல் பூட்டு நமக்கு உதவிக்கு வருகிறது. நாகல் நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கைகளால் பூட்டுச் செய்யும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. இயந்திரத்தில் செய்து வெளியூர்களிலிருந்து குறைந்த விலைக்கு வரும் பூட்டுகளால் அத்தொழில் பெரிதும் மெலிந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்ப் பூட்டுகளில் மாங்காய்ப் பூட்டு ஒரு வகை. மணிப்பூட்டு இன்னொரு வகை. மணிப்பூட்டில் சாவியைத் திருப்பும்போது உள்ளே மணி ஒலிக்கும். திறப்பவன் உரியவனா, கள்வனா என்று மணிக்குத் தெரியாது. 'யாரோ திறக்கிறார்கள், எழுந்து பார்' என்று சொல்வதோடு அதன் கடமை முடிந்தது. பார்க்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. கம்பைலரின் எச்சரிக்கையும் அத்தகையதே.

அத்தொழிலில் முதிர்ந்த ஒருவரிடம் நான் ஒருமுறை கேட்டேன்: "ஐயா, சாவி திரும்பும்போது கறகறவென்று ஓசை வருகிறதே, சிறிது எண்ணெய் விட்டால் போதாதா?" அவர் சொன்னார்: "எண்ணெய் விட்டால் ஓசை நிற்கும், தம்பி. ஓசை எதனால் வந்தது என்பது தெரியாமற் போய்விடும்." பின்பு பூட்டைப் பிரித்து, உள்ளிருந்த லீவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். அதன் பிறகுதான் எண்ணெய் விட்டார்.

இனி லினக்ஸ் தொடக்க நிரலில் உண்மையாக நேர்ந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். அந்த நிரல், தன் நினைவகப் பகுதியின் தொடக்கத்திலிருந்து எண்ணி 32-ஆம் முகவரியை எட்டிப் பார்க்கும் ஒரு வரியைக் கொண்டது. மிகப் பழைய ஏற்றி நிரல்கள் அந்த இடத்தில் ஓர் அடையாள எண்ணை வைத்துவிட்டுச் செல்லும். அது இருந்தால் பயனர் தந்த கட்டளை எங்கே உள்ளது என்று கெர்னல் அறிந்துகொள்ளும். இதுபோலவே பயாஸ் விட்டுச்சென்ற குறிப்புகளும் நினைவகத்தின் அடிப்பகுதியில் உள்ளன. முதல் 1024 பைட்டுகள், 256 குறுக்கீடுகளுக்கு நான்கு நான்கு பைட்டாக ஒதுக்கப்பட்ட அட்டவணை. அதற்கு அப்பால் பயாசின் குறிப்பேடு தொடங்குகிறது. 1043-ஆம் முகவரியில் அடிப்படை நினைவகம் எத்தனை கிலோபைட்டு என்ற எண் இருக்கும். 1098-ஆம் முகவரியில் திரையின் ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்பது இருக்கும். தொடக்க நிரல் இவற்றைப் படித்தே ஆக வேண்டும். வேறு வழி இல்லை.

2022-ஆம் ஆண்டில் ஜி.சி.சி. கம்பைலரின் 12-ஆம் பதிப்பு வெளிவந்தது. முன்னையதினும் கூரிய கண் அதற்கு. '32-ஆம் முகவரி' என்பதைக் கண்டதும் அது ஐயுற்றது. ஏன்? சி மொழியில் ஒரு பொருள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் மாறிக்குச் 'சுட்டு' என்று பெயர். எதையும் குறிக்காத சுட்டின் மதிப்பு சுழி. மறதியால் அந்த வெற்றுச் சுட்டைக் கொண்டு ஒரு பொருளின் 32-ஆவது பைட்டைப் படிக்க முயன்றால், கிடைக்கும் முகவரி சுழியும் 32-உம் கூடிய 32 ஆகும். ஆதலால் 4096-க்குக் குறைந்த முகவரி எண் நேராக எழுதப்பட்டிருந்தால், அது வெற்றுச் சுட்டினால் விளைந்த பிழையாக இருக்கக்கூடும் என்று ஜி.சி.சி. கருதியது. "அங்கே பொருள் ஒன்றும் இல்லை, அதன் எல்லைக்கு அப்பால் படிக்கிறீர்" என்று எச்சரித்தது. இங்கோ அந்த 32 தெரிந்தே எழுதப்பட்டது.

கம்பைலர் சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தாது என்பது உண்மை. அப்படியானால் எச்சரிக்கையையே அணைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் பொறுமை வேண்டும். வெற்றுச் சுட்டு கெர்னலுக்கு ஏற்கெனவே தீங்கு செய்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டில் லினக்சின் வலையமைப்புப் பகுதி ஒன்றில் ஒரு குறை வெளிப்பட்டது. ஒரு சுட்டை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் 'இது வெற்றுச் சுட்டா?' என்று சோதித்திருந்தார்கள். "ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, ஆகவே இது வெற்றாக இருக்க முடியாது" என்று முடிவுகட்டிய கம்பைலர், அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. காவல் நீங்கிய அந்த வழியே பொறியின் முழு ஆட்சியையும் கைப்பற்ற முடியும் என்று அவ்வாண்டே செய்து காட்டினர். சுழிக்கு அருகிலுள்ள முகவரி எங்கே தோன்றினாலும் நின்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே தொடக்க நிரலுக்கு வேறு மருந்து தேவைப்பட்டது. கீஸ் குக் என்ற நிரலாளர் 2022-ஆம் ஆண்டில் அதைச் செய்தார். 'அப்சல்யூட் பாயிண்டர்' என்று ஒரு சிறு உறை 2021-ஆம் ஆண்டிலேயே கெர்னலில் அமைக்கப்பட்டிருந்தது. "இந்த எண் நான் அறிந்தே எழுதிய முகவரி, இதை வெற்றுச் சுட்டின் வழிவந்ததாக எண்ண வேண்டா" என்று கம்பைலருக்குச் சொல்வதே அதன் பணி. தொடக்க நிரலில் அடிமட்ட முகவரிகளைப் படிக்கும் இடங்களுக்கு மட்டும் அவர் அந்த உறையை இட்டார். மாறியவை சில வரிகளே. மற்ற இடங்களில் காவல் அப்படியே நின்றது. உறையைக் காணும் அடுத்த தலைமுறை நிரலாளரும் 'இது தெரிந்தே செய்தது' என்று அறிந்துகொள்வார்.

ஆயினும் எல்லா வேளையிலும் இவ்வளவு அழகாக முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே எச்சரிக்கை கெர்னலின் பிற பகுதிகளிலும் பொய்யாகப் பல இடங்களில் ஒலித்தது. ஆகவே அவ்வாண்டின் நடுவில், ஜி.சி.சி. 12-ஆம் பதிப்புக்கு மட்டும் அதை அணைத்து வைத்தார்கள். எந்தப் பதிப்புக்கு, என்ன காரணத்தால் என்பதைக் கட்டமைப்புக் கோப்பில் எழுதியும் வைத்தார்கள். மணியே பழுதுபட்டிருந்தால் கழற்றி வைப்பதில் தவறில்லை; கழற்றியதைக் கணக்கில் எழுத வேண்டும்.

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு மணி ஒலித்தது. நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் 'லிங்கர்' என்ற கருவியின் புதிய பதிப்பு இரண்டு குறைகளைச் சொல்லிற்று. அடுக்கு எனப்படும் தற்காலிக நினைவிடம், கட்டளைகளை இயக்கத்தக்கதாகக் குறிக்கப்படுகிறது என்பது ஒன்று. ஒரே பகுதி படிக்கவும் எழுதவும் இயக்கவும் இடம் தருகிறது என்பது மற்றொன்று. முதலாவதற்கு, 'அடுக்கு இயக்கத்துக்கு உரியதன்று' என்று தெளிவாக அறிவித்தார்கள். இரண்டாவதைத் தொடக்க நிரலில் அடக்கினார்கள். ஏனெனில் கெர்னலை ஏற்றி வைக்க அதன்மேல் இன்னொரு இயக்க அமைப்பு இல்லை. பக்கங்களுக்கான காவலைக் கெர்னலே பின்னர் அமைத்துக்கொள்கிறது. ஒன்றைத் திருத்தினார்கள், ஒன்றை அடக்கினார்கள். இரண்டையும் ஆராய்ந்த பின்பே செய்தார்கள்.

ஆராயாமல் அடக்கினால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது கெர்னலில் நடந்ததன்று. சாவி செய்யும் நிரலில் நடந்தது. ஆகையால் பூட்டூரார் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். வலைவழிச் செய்திகளைப் பூட்டிக் காக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற நிரல்தொகுதி, யாரும் ஊகிக்க முடியாத எண்களைக் கொண்டு இரகசியச் சாவிகளை ஆக்குகிறது. 2006-ஆம் ஆண்டில், டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில், சோதனைக் கருவி ஒன்று அந்த நிரலைப் பற்றி எச்சரித்தது. "மதிப்பு வைக்கப்படாத நினைவிடத்தைப் பயன்படுத்துகிறீர்" என்பது அந்த எச்சரிக்கை. அதை அடக்குவதற்காக ஒரே மாதிரித் தோன்றிய இரண்டு வரிகளை நீக்கினார்கள். அவற்றுள் ஒன்று, ஊகிக்க முடியாத எண்களையெல்லாம் கலந்து சேர்க்கும் வரி. அது போனபின், சாவி ஒவ்வொன்றும் நிரலின் ஓட்ட எண்ணை மட்டுமே நம்பி உருவாகியது. அந்த எண்ணோ 32,768-ஐத் தாண்டாது. எச்சரிக்கை நின்றது. நிரல் நன்றாகவே ஓடியது. சாவிகள் பார்வைக்குச் சாவிகளாகவே இருந்தன. 2008 மே மாதத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் எண்ணற்ற பொறிகளில் அச்சாவிகள் புழங்கிவிட்டன. யாவற்றையும் தூக்கி எறிந்து புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. ஒரே வகையைச் சேர்ந்த பூட்டுகளுக்கெல்லாம் மொத்தம் 32,768 சாவிகளே உண்டு என்பதும் அவை எவை என்பதும் கள்வனுக்குத் தெரிந்துவிட்டால், பூட்டு எவ்வளவு கனமாக இருந்து என்ன பயன்?

எச்சரிக்கைகள் மிகுந்துவிட்டாலும் தீமை உண்டு. ஓயாமல் ஒலிக்கும் மணியை ஊரார் செவிமடுப்பதில்லை. ஆயிரம் பழைய எச்சரிக்கைகளுக்கு நடுவே புதிதாக எழும் ஓர் எச்சரிக்கையைக் காண்பவர் யார்? இதை உணர்ந்தே, லினக்சைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், 2021 செப்டம்பரில் ஒரு கடுமையான விதியைச் செய்தார். எச்சரிக்கை ஒன்று எழுந்தாலும் அதைப் பிழையாகவே கருதித் தொகுப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது அவ்விதி. ஆனால் கெர்னல் பல செயலிகளுக்கும் பல கம்பைலர்களுக்கும் பொதுவானது. ஒருவரிடம் எழாத எச்சரிக்கை இன்னொருவரிடம் எழுந்து அவர் வேலையை நிறுத்தியது. முறையீடுகள் வந்தன. சில நாட்களிலேயே, சோதனைத் தொகுப்புகளில் மட்டும் இயல்பாக நடைமுறையில் இருக்கும்படி அவ்விதி தளர்த்தப்பட்டது. கடுமையும் வேண்டும், அது யார்மேல் சுமையாக விழுகிறது என்ற எண்ணமும் வேண்டும்.

இவையெல்லாம் எங்கோ மேல்நாட்டார் செய்யும் காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'சக்தி' வகைச் செயலியைக் கொண்ட சில்லு ஒன்றில் 2018-ஆம் ஆண்டில் லினக்ஸ் விழித்தெழுந்தது. விண்வெளிப் பணிக்காக இஸ்ரோவும் அக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' என்னும் சில்லு சண்டிகரில் செய்யப்பட்டு, வெற்றியுடன் பூட் ஆயிற்று என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். புதிய செயலி ஒன்று பிறந்ததும் எல்லோரும் காத்திருக்கும் முதற்காட்சி அதுதான்: அது விழிக்கிறதா? அந்தக் காட்சிக்குப் பின்னால், தொடக்க நிரலின் ஒவ்வொரு வரியையும் ஐயுற்றுப் பார்த்த மனிதரின் உழைப்பு இருக்கிறது.

அந்த உழைப்பில் பங்கு பெற வத்தலகுண்டிலோ வேடசந்தூரிலோ இருக்கும் மாணவனுக்கும் மாணவிக்கும் தடை ஒன்றும் இல்லை. கெர்னலின் மூல நிரலை எவரும் விலையின்றிப் பெறலாம். ஜி.சி.சி. கம்பைலருக்கும் விலை இல்லை. தொகுக்கும் கட்டளையோடு 'டபிள்யூ சமம் 1' என்று சேர்த்தால், வழக்கமாக மறைந்திருக்கும் கூடுதல் எச்சரிக்கைகள் வெளிப்படும். உங்கள் பொறி கெடுமோ என்ற அச்சம் வேண்டா. 'கியூ-எமு' என்னும் நிரல், கணிப்பொறிக்குள்ளேயே மற்றொரு கணிப்பொறியைப் பாவனையாக உண்டாக்கித் தரும். புதிய கெர்னலை அதில் எழுப்பிப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று பாருங்கள்; 2005-ஆம் ஆண்டு முதல் நேர்ந்த ஒவ்வொரு மாற்றமும் காரணக் குறிப்புடன் 'கிட்' என்னும் பதிவேட்டில் இருக்கிறது. கம்பைலர் எதைக் கண்டு ஐயுற்றது என்று உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் விளங்கவில்லை என்று பொருள்; அதுவரை அந்த வரியில் கை வைக்க வேண்டா. விளங்கிய பின் திருத்துங்கள். திருத்தியதை எழுப்பிச் சோதியுங்கள். சோதித்ததைக் காரணத்துடன் அனுப்புங்கள். அனுபவமுள்ளோர் அதைப் படித்துக் குறை சொல்வார்கள். அதையும் ஓர் எச்சரிக்கையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இடித்துரைப்பாரைத் துணையாகப் பெறாத மன்னனின் நிலை பற்றித் திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்ற அதிகாரம் பேசுகிறது. மன்னர்க்குச் சொன்ன அறிவுரை நிரல் எழுதுவோர்க்கும் பொருந்தும். கம்பைலர் உங்களுக்கு வாய்த்த இடித்துரைப்பான். சில வேளைகளில் அது தவறாகவும் பேசும். ஆயினும் அது பேசும்போது, வாயை அடைப்பதற்கு முன், என்ன சொல்கிறது என்று ஒரு முறை முழுதும் கேளுங்கள். உங்கள் கைவிளைவை நம்பித் தங்கள் பொறியின் விசையை அழுத்தும் முன்பின் அறியாத மனிதர்க்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி அதுவே.